தான்சானியாவில் பட்டதாரிப் பொறியாளரின் பயிற்சிக் குறிப்பேடு: மேற்பார்வையாளராகக் கையெழுத்திடுவதற்கு முன்

கேள்வி
பதிவிட்டவர்: குழாய்ப்பாதை

அனைவருக்கும் வணக்கம். நான் குடிநீர்த் திட்டங்களில் பத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றிய சிவில் பொறியாளர். கடந்த பதினான்கு மாதங்களாகத் தான்சானியாவின் நடுப்பகுதியில், இந்திய ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனுதவியில் நடைபெறும் நகரக் குடிநீர்த் திட்டம் ஒன்றில் குழாய் பதிக்கும் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். இந்நாட்டில் 28 நகரங்களுக்கு 50 கோடி டாலர் கடனில் இத்தகைய பணிகள் எடுக்கப்பட்டிருப்பதால், இங்கே எழுதும் பலரும் என்னைப் போன்ற நிலையில் இருக்கக்கூடும் என்று நம்பி இதைக் கேட்கிறேன்.

என் பிரிவில் தான்சானியப் பட்டதாரிப் பொறியாளர்கள் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞர். மற்றவர் ம்பேயாவில் உள்ள அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்த பெண். சென்ற வெள்ளிக்கிழமை மாலை, அலுவலகக் கொள்கலனைப் பூட்டப்போகும் நேரத்தில், அந்தப் பெண் ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பொறியாளர் பதிவு வாரியம் நடத்தும் மூன்றாண்டுத் தொழிற்பயிற்சித் திட்டத்தில் அவர் சேர்ந்திருக்கிறார் என்பதும், மேற்பார்வையாளர் என்ற இடத்தில் என் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரியவந்தன. எங்கள் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் யாரோ படிவத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கையெழுத்திடுவதற்கு முன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். அழகான கையெழுத்தில், நாள் தவறாமல் எழுதியிருந்தார். 'கிடங்கில் குழாய்களை எண்ணினேன்.' 'நில அளவை அலுவலருடன் கிராம அலுவலகத்துக்குச் சென்று மொழிபெயர்த்தேன்.' 'தினசரி அறிக்கையைத் தட்டச்சு செய்தேன்.' 'வரைபடங்களை நகலெடுத்து மூன்று குழுக்களுக்கும் கொடுத்தேன்.' 'நில உரிமையாளருடன் நடந்த பேச்சில் மொழிபெயர்த்தேன்.' பன்னிரண்டு வாரங்களுக்கான பக்கங்களில் ஒரு லெவல் (மட்ட அளவு) எடுத்ததாகவோ, ஒரு கணக்குப் போட்டதாகவோ, ஒரு முடிவு செய்ததாகவோ ஒரு வரியும் இல்லை. அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. அந்த வேலைகளைத்தான் நான் அவருக்குக் கொடுத்திருந்தேன். 'மேற்பார்வையாளரின் கருத்து' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. நான் என்ன எழுதப்போகிறேன் என்று அவர் அமைதியாகக் காத்திருந்தார். திங்கட்கிழமை தருகிறேன் என்று சொல்லிக் குறிப்பேட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அந்தக் கையெழுத்துக்கு இந்நாட்டுச் சட்டத்தில் என்ன பொருள், அதை இட எனக்குத் தகுதி இருக்கிறதா, கடந்த மூன்று மாதங்களைப் பற்றி உண்மையை எழுதினால் அந்தப் பெண்ணுக்குத் தீங்கு வருமா, இனி எப்படிப்பட்ட பணிகளை அவருக்கு ஒதுக்க வேண்டும் என்பவை என் கேள்விகள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.


மறுமொழி 1
பதிவிட்டவர்: ஏரிக்காற்று

தம்பிக்கு வணக்கம். நான் தான்சானியாவிலும் உகாண்டாவிலுமாகப் பதினாறு ஆண்டுகள் பணியாற்றிவிட்டு இப்போது மதுரையில் ஓய்வில் இருக்கிறேன். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்தை நிறுத்தி வைத்தீர்களே, அதற்காக முதலில் உங்களைப் பாராட்டுகிறேன். புரட்டாமலே கையெழுத்திட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்; தொடக்க காலத்தில் நானும் இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறேன்.

நம் ஊரில் பட்டம் பெற்ற அன்றே ஒருவர் பொறியாளர் ஆகிவிடுகிறார். அங்கே அப்படி இல்லை என்பதைத்தான் நம்மில் பலரும் போய்ச் சேர்ந்த பிறகும் உணர்வதில்லை. தான்சானியாவில் 1968-இலேயே பொறியாளர் பதிவுக்குச் சட்டம் வந்துவிட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 1997-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி பட்டம் பெற்றவர் முதலில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிவு செய்துகொள்கிறார். பிறகு குறைந்தது மூன்றாண்டுகள் தகுந்த களப் பயிற்சி பெற்று, அறிக்கை அளித்து, வாரியத்தின் நேர்காணலில் தேறிய பின்னரே தொழில்முறைப் பொறியாளர் என்ற நிலை கிடைக்கிறது. அதற்கும் மேலே ஆலோசகப் பொறியாளர் என்ற நிலை உண்டு. கென்யாவிலும் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் ஏறக்குறைய இதே மூன்று படிகளை வைத்திருக்கிறது. தொழில்முறைப் பொறியாளர் நிலையை அடையாத ஒருவர் வடிவமைப்பில் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்க இயலாது. ஆகவே இடைப்பட்ட மூன்றாண்டுகளில்தான் அவருடைய தொழில் வாழ்க்கை உருவாகிறது அல்லது கெடுகிறது.

அந்த மூன்றாண்டுகளை அவரவர் அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடக் கூடாது என்றுதான் வாரியம் 2003-இல் நீங்கள் குறிப்பிடும் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி 'சீப்' என்பார்கள். பயிற்சி பெறுபவருக்குப் பதிவு பெற்ற தொழில்முறைப் பொறியாளர் ஒருவர் மேற்பார்வையாளராக இருக்க வேண்டும். செய்த வேலையைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். மேற்பார்வையாளர் அதை உறுதி செய்ய வேண்டும். ஆகவே நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் சொந்தப் பதிவை. வெளிநாட்டுப் பொறியாளர்களுக்கு வாரியத்தில் தற்காலிகப் பதிவு என்ற பிரிவு இருக்கிறது. அது உங்கள் பெயரில் எடுக்கப்பட்டு நடைமுறையில் இருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேட்டு, சான்றிதழை உங்கள் கண்ணால் பாருங்கள். தலைமை அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் உங்கள் கையெழுத்தால் அந்தப் பெண்ணின் மூன்று மாதங்கள் வீணாகும். அந்நிலையில் திட்டத்தின் ஆலோசகர் தரப்பில் உள்ள தான்சானியத் தொழில்முறைப் பொறியாளர் ஒருவரை மேற்பார்வையாளராக இருக்கும்படி வேண்டிக்கொண்டு, அன்றாடம் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

இதில் உங்களுக்கே நேரடியாகத் தொடர்புள்ள சட்டம் ஒன்றும் இருக்கிறது. 2015-இல் வந்த வெளிநாட்டவர் வேலைவாய்ப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வெளிநாட்டவரைப் பணியமர்த்தும் நிறுவனம், அவருடைய அறிவும் திறனும் உள்நாட்டவருக்குச் சென்று சேர்வதற்கான திட்டத்தை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். பணி அனுமதி அதிகபட்சம் 24 மாதங்களுக்கு வழங்கப்படும். புதுப்பித்தல்களையும் சேர்த்த மொத்தக் காலத்துக்கும் வரம்பு உண்டு. நீங்கள் ஒருநாள் திரும்பிப் போவீர்கள் என்பதையும், உங்கள் நாற்காலியில் அந்த ஊர்ப் பொறியாளர் ஒருவர் அமர வேண்டும் என்பதையும் மனத்தில் வைத்துத்தான் அந்தச் சட்டத்தையே எழுதியிருக்கிறார்கள். உங்கள் நிறுவனத்தின் கோப்பில் அந்தத் திட்டம் கட்டாயம் இருக்கும். அதை எடுத்துப் படியுங்கள். உங்கள் இடத்துக்குப் பயிற்சி பெறுபவர் என்று அந்தப் பெண்ணின் பெயரோ அந்த இளைஞரின் பெயரோ அதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

கடந்த மூன்று மாதங்களைப் பற்றி உண்மையை எழுதுங்கள், ஆனால் யாருடைய குறை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 'இக்காலத்தில் இவருக்குப் பொறியியல் பணி ஒதுக்கப்படவில்லை. ஒதுக்காதது மேற்பார்வையாளரின் குறை. ஒதுக்கப்பட்ட பணிகளை இவர் ஒழுங்காகவும் நேர்மையாகவும் செய்தார். அடுத்த மூன்று மாதங்களில் இன்னின்ன பணிகள் இவர் பொறுப்பில் விடப்படும்' என்று எழுதி, அந்தப் பணிகளின் பெயர்களையும் குறிப்பிடுங்கள். மிகைப்படுத்தி எழுதினால் மூன்றாண்டுகள் கழித்து நேர்காணலில் அவர்தான் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதித்த குழாயின் சோதனை அழுத்தத்தை எப்படி முடிவு செய்தாய் என்று கேட்டால், நீங்கள் எழுதிய நல்ல வார்த்தைகள் அங்கே அவருக்கு உதவா.

என்ன வேலை கொடுப்பது என்ற கேள்விக்கு, எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். விக்டோரியா ஏரியின் தென்கரைப் பகுதியில் ஒரு தரைமட்டத் தொட்டியின் அடித்தளத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். பிற்பகல் நான்கு மணி. கலவை இயந்திரத்தின் அருகே நின்ற தொழிலாளி, தள்ளுவண்டியில் தள்ளுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு கலவைக்கும் அரை வாளித் தண்ணீர் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்தார். அங்கிருந்த பட்டதாரிப் பொறியாளர், பணியில் சேர்ந்து ஆறு மாதமே ஆன பையன், கலவையின் தளர்வை அளக்கும் ஸ்லம்ப் கூம்பை எடுத்துவந்து சோதித்தான். 75 மில்லிமீட்டர் மட்டுமே இறங்க வேண்டிய இடத்தில் கலவை தோசை மாவு போலப் பரவி உட்கார்ந்தது. அந்தக் கலவையைக் கொட்டிவிடச் சொன்னான். எங்கள் தள மேலாளர் வந்து, 'ஸெகே ஹலிலாலி' என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் போடச் சொன்னார். 'கான்கிரீட் படுத்துத் தூங்காது' என்று பொருள்படும் சுவாஹிலிச் சொலவடை அது. கலந்ததை அன்றைக்கே போட்டாக வேண்டும் என்று தளத்தில் சொல்வது, தள்ளிப்போட முடியாத எந்தக் காரியத்துக்கும் ஊர்வழக்கில் வந்துவிட்டது. அத்தனை தொழிலாளர்கள் முன்னிலையில் பையன் தலைகுனிந்து நின்றான். நான் பத்தடி தூரத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை. அந்தக் கலவையில் வார்த்த கட்டிகளை நசுக்கிப் பார்க்கும் கியூப் சோதனையில் ஏழாம் நாள் வலு குறைந்தது. இருபத்தெட்டாம் நாளும் தேறவில்லை. அந்தப் பகுதியை உடைத்து எடுத்தோம். உடைத்ததற்கான செலவு இன்று எனக்கு நினைவில் இல்லை. அந்தப் பையன் அதற்குப் பிறகு எங்கள் தளத்தில் இருந்தவரை ஒரு கலவையைக்கூட நிறுத்தவில்லை என்பதுதான் நினைவில் இருக்கிறது.

அதனால் உதிரி வேலைகளாகக் கொடுக்காதீர்கள். சிறியதாக இருந்தாலும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு முழுப் பணியை அவரிடம் விடுங்கள்: ஐந்நூறு அறுநூறு மீட்டர் குழாய்ப்பாதை, ஒரு வால்வு அறை, கரிசல் மண்ணில் குழாய் வளைவை நகராமல் பிடிக்கும் ஒரு தாங்குகட்டை என்று ஏதேனும் ஒன்று. லெவல் எடுப்பது, அளவுப் புத்தகம் எழுதுவது, சோதனை நடத்துவது, ஆலோசகரிடம் ஒப்புதல் வாங்குவது எல்லாம் அவரே. அந்த எல்லைக்குள் அவர் 'நிறுத்து' என்று சொன்னால் மேலாளர் உட்பட யாரும் அதை மீறக் கூடாது என்று தொழிலாளர் குழுத் தலைவர்களிடம் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள். இதை மட்டும் செய்தீர்களானால் மற்றவற்றை அவர் தானாகவே கற்றுக்கொள்வார்.


மறுமொழி 2
பதிவிட்டவர்: கால அட்டவணை

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் தளத்தில் திட்டமிடல் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு நாளில் எத்தனை மீட்டர் குழாய் பதித்தோம் என்பதை வைத்துத்தான் எங்களை எடைபோடுகிறார்கள். தாமதத்துக்கு ஒப்பந்தத்தில் அபராதம் உண்டு. மழைக்காலம் தொடங்கிவிட்டால் கரிசல் மண்ணில் வெட்டிய பள்ளம் ஒரே இரவில் சரிந்துவிடும். இந்நிலையில் அனுபவமில்லாத ஒருவரிடம் 600 மீட்டரை ஒப்படைத்துவிட்டு நிற்பது எளிதான காரியம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. நாங்கள் இரண்டு ஆண்டுகள் பழக்கிய மூவர், அரசின் வேலைவாய்ப்பு இணையதளத்தில் அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்து, ஊரகக் குடிநீர் முகமைக்கும் சாலை முகமைக்கும் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அரசுப் பணியில் நிலைத்தன்மை இருக்கிறது. ஆனால் பயிற்சியின் செலவு ஒருவருக்கு, பயன் வேறொருவருக்கு என்றாகும்போது, நிறுவனங்கள் ஏன் முனைப்புக் காட்டுவதில்லை என்பதும் புரிந்துகொள்ளத்தக்கதே.


மறுமொழி 3
பதிவிட்டவர்: துணைமின்நிலையம்

வணக்கம். நான் தார் எஸ் சலாமில் மின்பொறியியல் ஆலோசனை நிறுவனம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். இங்கே என்னுடன் பணியாற்றுபவர்களில் பெரும்பாலோர் தான்சானியர்கள். என் மேலதிகாரியும் தான்சானியர்தான். அந்தப் பயிற்சித் திட்டத்தின் வழியாக வந்தவர். ஆகவே நான் பார்த்த பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

கேள்வி கேட்ட நண்பரின் குறிப்பேட்டு வரிகளில் 'மொழிபெயர்த்தேன்' என்பது இரண்டு முறை வருகிறது. என்னை மிகவும் உறுத்தியது அதுதான். இந்நாட்டில் தொடக்கப் பள்ளி சுவாஹிலியில் நடக்கிறது. உயர்நிலைப் பள்ளியும் பல்கலைக்கழகமும் ஆங்கிலத்தில். இரண்டு மொழிகளிலும் புழங்கக்கூடியவர் பட்டதாரி மட்டுமே என்பதால், வெளிநாட்டு நிறுவனங்களில் அவரை மொழிபெயர்ப்பாளராக்கிவிடுகிறார்கள். கிராமத் தலைவரிடம் பேசவும், காவல் நிலையத்தில் விளக்கம் சொல்லவும், லாரி ஓட்டுநரை அதட்டவும் அவர் வேண்டும். வரைபடத்தை விரிக்கும்போது மட்டும் அவர் அறைக்கு வெளியே இருப்பார். பெண்ணாக இருந்தால் தட்டச்சும் கோப்பும் தானாக வந்து சேர்ந்துவிடும். பெண் பட்டதாரிகளைத் தொழில்முறைப் பதிவு வரை கொண்டுவருவதற்கென்றே நார்வே அரசின் உதவியுடன் வாரியம் இந்தப் பயிற்சித் திட்டத்தில் தனி ஏற்பாடு செய்தது என்பதை நண்பர் அறிந்திருப்பது நல்லது. அந்தப் படியில் பெண்கள் நின்றுவிடுகிறார்கள் என்பதை நாடே கண்டுகொண்டு செய்த ஏற்பாடு அது.

இதற்கு மருந்து உங்களிடமே இருக்கிறது. நீங்கள் சுவாஹிலி கற்றுக்கொள்ளுங்கள். நொண்டோ என்றால் கம்பி, கொகோட்டோ என்றால் ஜல்லி, ம்சங்கா என்றால் மணல், ஃபுண்டி என்றால் கைத்தொழில் வல்லவர். மூத்தவரைக் கண்டால் 'ஷிகமோ' என்று வணங்குங்கள். 'மராஹபா' என்று மனமாரப் பதில் வரும். ஆறு மாதத்தில் தளப் பேச்சு வந்துவிடும். அன்றைக்கு அந்தப் பெண் மொழிபெயர்ப்பு வேலையிலிருந்து விடுதலையாகி லெவல் கருவியின் பின்னால் போய் நிற்கலாம்.

'கால அட்டவணை' அவர்களின் மறுமொழிக்கு ஒரு சொல். பழக்கியவர்கள் அரசுப் பணிக்குப் போவது இழப்பு என்று நான் நினைக்கவில்லை. நாளைக்கு நீங்கள் கட்டிக்கொடுத்த குழாய்ப்பாதையை வாங்கிப் பராமரிக்கப்போவது அதே அரசு நிறுவனங்கள்தாம். 2,115 மெகாவாட் திறன் கொண்ட ஜூலியஸ் நைரேரே நீர்மின் நிலையத்தை ருஃபிஜி ஆற்றில் கட்டியவை எகிப்து நிறுவனங்கள். தார் எஸ் சலாமிலிருந்து தொடோமாவுக்கு 2024-இல் ஓடத் தொடங்கிய மின்சார ரயிலுக்குத் தடம் போட்டது துருக்கி நிறுவனம். கட்டியவர்கள் திரும்பிவிடுவார்கள். அங்கே ஒன்பது டர்பைன்களையும், இங்கே மேலே ஓடும் மின்கம்பியையும் முப்பது நாற்பது ஆண்டுகள் காப்பாற்ற வேண்டியவர்கள் கட்டுமானக் காலத்தில் தளத்தில் நின்று கற்ற தான்சானியப் பொறியாளர்கள். அவர்களுக்கு அப்போது தட்டச்சு வேலை கொடுத்திருந்தால், பின்னால் ஒரு கோளாறு வரும்போது யாரைக் கூப்பிடுவது?

பதிவு பெற்ற பிறகும் படிப்பு முடிவதில்லை. தொழில்முறைப் பொறியாளர்கள் தொடர்ந்து பயிற்சி வகுப்புகளிலும் கருத்தரங்குகளிலும் கலந்துகொண்டு அதைக் கணக்கில் காட்டும்படி வாரியம் கேட்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் பொறியாளர் தினத்தில், புதிதாகப் பதிவு பெற்றவர்கள் எழுந்து நின்று உறுதிமொழி எடுப்பார்கள். என் மேலதிகாரி அந்த நாளின் புகைப்படத்தைத் திருமணப் புகைப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். அதன்பின் எல்லோரும் அவரை 'ம்ஹாண்டிசி' (பொறியாளர்) என்ற அடைமொழியோடுதான் அழைக்கிறார்கள். அந்தப் பதிவுக்கு எல்லை தாண்டியும் மதிப்பு உண்டு: கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளின் வாரியங்களும் 2012-இல் பொறியாளர்களை ஒருவருக்கொருவர் ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் செய்தன, ருவாண்டா பின்னர் சேர்ந்தது. உங்கள் தளத்திலிருக்கும் பெண் நாளை கம்பாலாவிலோ நைரோபியிலோ ஒரு திட்டத்துக்குத் தலைமை தாங்கலாம். அதற்கான முதல் தாள் உங்கள் மேசையில் இருக்கும் குறிப்பேடு.

நம்மவர்கள் பலருக்கும் சென்னை ஐ.ஐ.டி. 2023 நவம்பரில் சான்சிபாரில் வளாகம் திறந்தது பெருமை. எனக்கும் பெருமைதான். தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் அங்கே முதலில் தொடங்கப்பட்ட பாடங்கள். ஆனால் நம் நாட்டவர்கள் இந்த மண்ணில் ஏற்கெனவே நடத்திவரும் ஒவ்வொரு தளமும் ஒரு வளாகம்தானே என்று அந்தச் செய்தியைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.


மறுமொழி 4
பதிவிட்டவர்: ஏரிக்காற்று

'கால அட்டவணை' தம்பி சொன்ன அபராதமும் மழையும் உண்மை. நானும் அதே அழுத்தத்தில் இருந்தவன். ஒன்று மட்டும் கூறுகிறேன். 2013 மார்ச் 29 அன்று தார் எஸ் சலாம் நகரின் நடுவில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த 16 மாடிக் கட்டடம் இடிந்து 36 பேர் இறந்தார்கள். நான் அப்போது நகரத்தில் இருந்தேன். கட்டடப் பணியை யார் பார்த்தார்கள், யார் எதில் கையெழுத்திட்டார்கள் என்ற கேள்விதான் அதற்குப் பிறகு பல மாதங்கள் எல்லோர் வாயிலும் இருந்தது. தளத்தில் ஒரு பணியை நிறுத்தும் துணிவுள்ள பொறியாளர்கள் அந்த நாட்டுக்கு வேண்டும். அந்தத் துணிவு முதல் மூன்றாண்டுகளில் வராவிட்டால் பிறகு வருவது அரிது. அட்டவணையில் அவர்களுக்கென்று பத்து நாட்களைக் கூடுதலாகத் தொடக்கத்திலேயே எழுதி வையுங்கள். பிறகு அது தாமதம் என்ற கணக்கில் வராது.


மறுமொழி 5
பதிவிட்டவர்: குழாய்ப்பாதை

மறுமொழி அளித்த அனைவருக்கும் நன்றி. ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஐயா சொன்னபடி முதலில் என் பதிவைக் கேட்டேன். விண்ணப்பம் அனுப்பியதோடு நின்றிருந்தது; இரண்டு ஆவணங்கள் சேர்க்கப்படாமல் கிடந்தன. அவற்றைக் கொடுத்துத் தற்காலிகப் பதிவு கைக்கு வரும்வரை, ஆலோசகர் தரப்பின் தான்சானியப் பொறியாளர் ஒருவர் மேற்பார்வையாளராக இருக்க ஒப்புக்கொண்டார். அவரிடம் நான் எழுதிவைத்திருந்த கருத்தைக் காட்டினேன். ஒதுக்காதது என் குறை என்ற வரியைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அதன் கீழேயே தம் கருத்தையும் எழுதிக் கையெழுத்திட்டார். நிறுவனத்தின் கோப்பையும் பார்த்தேன். என் இடத்துக்குப் பயிற்சி பெறுபவர் என்று அந்த இளைஞரின் பெயர் ஒன்றரை ஆண்டுகளாக அதில் இருக்கிறது. இதை அவரிடமும் என்னிடமும் யாரும் சொன்னதில்லை. அவர் சென்ற மாதம் அரசுப் பணி கிடைத்துப் போய்விட்டார். போகும்போது என்னிடம் மிக மரியாதையாக விடைபெற்றார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க இயலவில்லை.

அந்தப் பெண்ணிடம் 640 மீட்டர் எச்.டி.பி.ஈ. (ஒருவகை நெகிழி) குழாய்ப்பாதையை ஒப்படைத்தேன். குழுத் தலைவர்களை அழைத்து, இந்த எல்லைக்குள் அவர் சொல்வதே முடிவு என்று எனக்குத் தெரிந்த சுவாஹிலியில் நானே சொன்னேன். இலக்கணம் தவறியிருக்கும், அவர்கள் கைதட்டினார்கள். லெவல், மணல் படுக்கை, குழாய் முனைகளை உருக்கி ஒட்டும் பட் வெல்டிங்கின் வெப்பநிலைப் பதிவு எல்லாவற்றையும் அவரே பார்த்தார். சோதனை நாளன்று 12 பார் அழுத்தம் ஏற்றிய பிறகு அழுத்தமானி மெல்ல இறங்கத் தொடங்கியது. கசிவு என்று சொல்லி ஃபுண்டிகள் மண்வெட்டியை எடுத்துவிட்டார்கள். அவர் தடுத்தார். இந்த வகைக் குழாய் அழுத்தத்தில் தானாகவே சற்று விரியும், ஆகவே கசிவு இல்லாவிட்டாலும் முதல் சில மணி நேரம் முள் இறங்கும், இறங்கும் வேகம் குறைந்துகொண்டே வருகிறதா என்று பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும் என்றார். உயரமான இடத்திலிருந்த காற்று வால்வை முன்பே திறந்து, தண்ணீர் குமிழியில்லாமல் வரும்வரை காத்திருந்ததையும் நேரத்தோடு குறித்து வைத்திருந்தார். கட்டம் போட்ட தாளில் பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்தார். மாலைக்குள் கோடு வளைந்து படுத்துவிட்டது. ஆலோசகர் ஒப்புதல் அளித்தார். இத்தனையும் தெரிந்த ஒருவரைத்தான் நான் மூன்று மாதங்களாகக் குழாய் எண்ண வைத்திருந்தேன்.

அடுத்த பகுதி 410 மீட்டர். அங்கே கோடு படுக்கவில்லை, இறங்கிக்கொண்டே போனது. இது கசிவுதான் என்று அவர் சரியாகச் சொன்னார், ஆனால் இடத்தைத் தவறாகக் கணித்தார். சாலையைக் கடக்கும் இடத்தில் தோண்டச் சொல்லி அரை நாள் போயிற்று. கடைசியில் குழாயைக் கழுவி நீரை வெளியேற்றும் வால்வில், போல்ட் போட்டு இறுக்கும் ஃபிளாஞ்ச் இணைப்பில் கசிவு இருந்தது. அன்று மாலை குறிப்பேட்டைக் கொண்டுவந்து, தவறான இடத்தில் தோண்டியதையும் எழுத வேண்டுமா என்று கேட்டார். எழுதுங்கள், முதலில் எங்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்றேன். ஒன்றரைப் பக்கம் எழுதினார். புதைத்த வெல்டிங் இணைப்புகளைத் தேடுவதற்கு முன் போல்ட் போட்ட இணைப்புகள் அனைத்தையும் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்று முடித்திருந்தார்.

'கால அட்டவணை' அவர்களுக்கு: இரண்டு பகுதிகளிலும் சேர்த்து நான்கு நாட்கள் பின்தங்கினோம். மேலாளர் என்னிடம் கேட்டார். ஐயா சொன்ன பத்து நாள் கணக்கைக் காட்டினேன். முகம் சுளித்தாலும் ஒப்புக்கொண்டார்.

வரும் செவ்வாய்க்கிழமை தொட்டியின் அடித்தளத்துக்குக் கான்கிரீட் போடுகிறோம். கலவை இயந்திரத்தின் அருகே ஸ்லம்ப் கூம்போடு அவர் நிற்பார். எந்தக் கலவையைக் கொட்டச் சொன்னாலும் கொட்டுவோம் என்று மேலாளரிடம் இன்று காலை எழுத்தில் வாங்கியிருக்கிறேன்.